மைக் அக்காவும் லூஸான ஒயர்களும்

எங்கள் மாதா கோயிலில் பூசை நடக்கும்போது ஒலிபெருக்கி ஊமையாகிவிட்டால் யாரும் ஒலிபெருக்கியைப் பார்க்க மாட்டார்கள். எல்லாத் தலைகளும் இடப்பக்கத் தூணை நோக்கித் திரும்பும். அந்தத் தூணோரம் ஒரு மடக்கு நாற்காலியில், மடியில் பெரிய கைப்பையோடு மைக் அக்கா உட்கார்ந்திருப்பார். அவரும் ஒலிபெருக்கியைப் பார்க்க மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு எங்களைப் பார்ப்பார். பெஞ்சு பெஞ்சாக, முகம் முகமாகப் பார்ப்பார். பிரசங்கம் கேட்காமல் போனதில் எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை. அந்தப் பார்வைக்குத்தான் பயம்.

பிறகு நிதானமாக எழுந்து போய்ப் பெட்டிக்குப் பின்னால் குனிவார். சத்தம் வந்துவிடும். திரும்பி வரும்போது யாரும் கேட்காமலே கோயில் முழுக்கக் கேட்கிற குரலில் சொல்வார்.

"ஒயர் லூஸ்."

எங்கள் கோயிலில் லூஸாகாத ஒயரே கிடையாது என்று ஃபாதர் உண்மையாகவே நம்பினார். ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால், இந்த வருஷமாவது புது ஒயர் வாங்கிவிட வேண்டும் என்று அறிவிப்பார். அக்கா பணிவாகத் தலையாட்டுவார். வாங்கவே மாட்டார்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கும் ஒரு புனிதரின் பெயரை வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. எங்கள் அம்மாவுக்கும் அவர் மைக் அக்காதான், அம்மாவைவிட வயதில் மூத்த ஆயாம்மாக்களுக்கும் அவர் மைக் அக்காதான். குள்ளமான, கனத்த உடம்பு. இறுக்கிப் போட்ட கொண்டை. கைப்பையில் செபமாலையும் ஸ்க்ரூ டிரைவரும் ஒரே உறைக்குள் கிடக்கும். அவருடைய சொந்தக் குரலுக்கு மைக்கே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் அவர் மீன் விலை கேட்டால் சிராங்கூன் சாலையில் பஸ் நிற்கும் என்று என் அண்ணன் சொல்வான்.

எழுபதுகளில் அவர் காலாங் பக்கம் ஒரு ரேடியோ தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மைக் வேலை எல்லாம் அங்கே பிடித்த பழக்கம்தான். ஒலிபெருக்கி கெட்டால் ஏன் மனுஷங்களைப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, லைன்ல நாங்க வரிசையா உட்காந்திருப்போம். ஆளுக்கு ஒரு ஒயர் பத்த வைக்கணும். கடைசில ஒரு ரேடியோ சத்தமே இல்லாம வரும். சூப்பர்வைசர் ரேடியோவப் பிரிச்சுப் பாப்பான். நான் லைனப் பாப்பேன். எந்தப் பொண்ணு காலையில அழுதுட்டு வந்துச்சுன்னு தெரிஞ்சா எந்த ஒயருன்னு தெரிஞ்சிடும் லா."

"அப்ப சூப்பர்வைசர்கிட்ட அந்தப் பொண்ணு பேரச் சொல்லிடுவீங்களா?"

"ஏன் சொல்லணும்? ஒயர் லூஸ்னு சொல்லுவேன். பொய்யில்லையே. லூஸ்தானே?"

அந்தத் தத்துவத்தை அவர் தொழிற்சாலையிலிருந்து நேராகக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். சத்தம் தானாகப் போகாது, யாருக்கோ அமைதி தேவைப்பட்டிருக்கும், அந்த யாரோ யார் என்று கண்டுபிடித்தால் போதும். கண்டுபிடித்ததை வெளியே சொல்லக் கூடாது. இவ்வளவுதான் அவருடைய எலெக்ட்ரானிக்ஸ்.

பாடகர் குழுவில் ஒரு பெரியவர் இருந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்தி ஏராளம், சுருதி கொஞ்சம்கூடக் கிடையாது. அவர் பாட ஆரம்பித்தால் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து அம்மா மடிக்குப் போய்விடும். திடீரென்று சில வாரங்களாக, காணிக்கைப் பாட்டு வரும்போது மட்டும் பாடகர் மைக் செத்துப்போனது. ஃபாதர் வானத்தைப் பார்த்தார். அக்கா பெண்கள் வரிசையைப் பார்த்தார். பெரியவரின் மனைவி, உலகத்திலேயே அப்பாவியான முகத்தோடு, மைக் சுவிட்சுக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

"ஒயர் லூஸ்" என்றார் அக்கா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவருக்கென்று பளபளக்கிற தனி மைக் ஒன்று ஸ்டாண்டோடு வந்து நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அதை இரண்டு கையாலும் பிடித்தபடி ஆண்டுக்கணக்கில் பாடினார். அந்த மைக்கின் ஒயர் கம்பளத்துக்கு அடியில் போய் அங்கேயே முடிந்துவிட்டது என்பது அக்காவுக்கும் பெரியவரின் மனைவிக்கும் தெரியும். பெஞ்சுக்கு அடியில் விழுந்த காசைத் தேடிப்போனதால் எனக்கும் தெரியும்.

கோயிலுக்கு வெளியேயும் அவருக்கு இதே வேலைதான். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரே வீவக அடுக்குமாடி புளோக்கில்தான் எங்கள் வீடும் அவர் வீடும் இருந்தன. எங்கள் தளத்தில் ஒரு குடும்பத்தில் மகனுக்கு ராத்திரி ஷிஃப்ட், அம்மாவுக்குப் பகல் முழுக்க ரேடியோ. மருமகளோ நடுவில் கிடந்து அல்லாடினாள். ரேடியோ வாரத்துக்கு ஒருதரம் ஊமையாகும், அம்மா அக்காவைக் கூப்பிடுவார், அக்கா போய் ஒயர் லூஸ் என்று சொல்லிவிட்டு வருவார். கடைசியில் அக்கா ஒரு இயர்போனைக் கொண்டுவந்து ரேடியோவில் சொருகி அந்த அம்மாவின் காதில் மாட்டிவிட்டார்.

"இனிமே நாடகம் உங்களுக்கு மட்டும்தான் கேக்கும் ஆச்சி. வேற யாருக்கும் குடுக்காதீங்க."

அந்த அம்மா பூரித்துப் போனார். ஆனால் காது அடைத்துக்கொண்டதில் தன் குரல் தனக்குக் கேட்கவில்லை. நாடகத்தில் நடப்பதையெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி மருமகளிடம் விவரிக்கத் தொடங்கிவிட்டார். மகன் லுங்கியோடு வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்று, "யக்கா, பழைய ரேடியோவே தேவல" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் எதிர் புளோக்கில் ஜன்னல் திறந்தது.

எப்போதும் அவர் சொன்னதே சரி என்றும் சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்தில், புளோக்குக்குக் கீழே பந்தல் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்க, பாட்டு நின்றது. அக்கா மணப்பெண்ணின் சித்தப்பாவை விசாரித்தார். சமையல்காரரை விசாரித்தார். மாப்பிள்ளையையே தனியாக அழைத்து, கல்யாணத்தில் இஷ்டம்தானா என்று கேட்டுவிட்டார். பெரிய ரகளையாகிவிட்டது. பார்த்தால் பியூஸ் போயிருந்தது. நிஜமாகவே பியூஸ். அக்காவுக்கு அந்தப் பியூஸ் மேல் வந்த கோபம் சொல்லி முடியாது. அதைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, யாருடனும் பேசாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஒயரைச் சுருட்டுவதில் மட்டும் அவர் கண்டிப்பு தாங்க முடியாது. கையில் கண்டபடி சுற்றினால் திட்டு விழும். ஒரு வளையம் முன்பக்கம், அடுத்த வளையம் பின்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கடைசி முனையை நடுவில் கொடுத்து வாங்கி, பஃபலோ ரோடு பூக்கடைகளில் சரத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட வேண்டும். நான் போட்டால் மேசைக்குப் போகும் முன்பே அவிழ்ந்துவிடும். அக்காவைத் தவிர அந்த முடிச்சு ஒரே ஒருத்திக்குத்தான் வந்தது. அவள் ரீத்தா.

ரீத்தாவைப் பற்றிச் சொல்லாமல் கம்ப்யூட்டர் கதையைச் சொல்ல முடியாது. கோயில் பாலர் பள்ளியில் டீச்சர். பூசை முடிந்ததும் அக்காவோடு சேர்ந்து ஒயர் சுருட்டுவாள். நான் நாற்காலி அடுக்குவேன். அடுக்க வேண்டிய நாற்காலிகளை நான் எவ்வளவு மெதுவாக அடுக்கினேன் என்பதைக் கவனித்த ஒரே ஆள் அக்காதான். அவரிடம் எதுவும் மறைக்க முடியாது.

ரீத்தாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. சிக்கல் அவள் அப்பாவிடம். அருளப்பன் அங்கிள் கப்பல் பட்டறையில் குமாஸ்தா, கோயிலில் ஆர்மோனியம். அவர் வாசித்தால் கோயிலே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். தனக்கு அது தெரியும் என்பதும் அவர் முகத்தில் தெரியும். பாட்டு இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தார். என்னைப் பாடகர் குழுவில் சேர்க்க ஒருதரம் பாடச் சொல்லிக் கேட்டவர் அவர்தான். பாதிப் பாட்டில் கையை உயர்த்தி நிறுத்தி, "தம்பி, நீ நாற்காலியே பாத்துக்கப்பா" என்றார்.

அப்போது நான் சாங்கியில், விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில், கம்ப்யூட்டரில் பெட்டிகளின் விவரங்களைத் தட்டுகிற வேலையில் இருந்தேன். ஊரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியிருந்த காலம். ஆபீசில் கழித்துக்கட்டிய ஒரு கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்தார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. அதில் எண்களை வரிசையாகக் கொடுத்தால் எண்ணுக்கொரு ஸ்வரமாகக் கத்தும் என்று கண்டுபிடித்தபோது எனக்கு வழி கிடைத்துவிட்டது. எனக்குப் பாட வராவிட்டால் என்ன? பாடுகிற ஒன்றை நான் செய்து காட்டுவேன். அருளப்பன் அங்கிள் எங்கள் வீட்டில் பாட்டு இல்லை என்று சொல்ல முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு மாலை கோயில் கூடத்தில் குடில் திறப்பார்கள். வைக்கோலும் பொம்மைகளுமாக மாட்டுத்தொழுவம் அமைத்து, ஃபாதர் ரிப்பனை வெட்ட, ஆர்மோனியத்தில் பிறப்புப் பாட்டு எழும். இந்த வருஷம் ஆர்மோனியத்துக்குப் பதில் கம்ப்யூட்டர் பாடட்டும் என்று இளைஞர் சங்கத்தில் நான் சொன்னேன். எல்லாரும் குதித்தார்கள். அருளப்பன் அங்கிளிடம் போய்ச் சொன்னோம். "செய்யுங்கப்பா, செய்யுங்க. காலம் மாறுதில்ல" என்று சொல்லிவிட்டு ஆர்மோனியப் பெட்டியை மெல்ல மூடினார். எனக்கு அது சம்மதமாகத்தான் கேட்டது. காதலில் இருப்பவனுக்கு எல்லாமே அப்படித்தான் கேட்கும்.

ஸ்வரங்களைச் சொல்லித் தந்தவள் ரீத்தாதான். தேக்காவில் தேநீர்க் கடை மேசையில் உட்கார்ந்து அவள் முணுமுணுப்பாள், நான் எண்களாக எழுதிக்கொள்வேன். "இங்க கொஞ்சம் இழுக்கணும். இந்த இடத்துல சின்னதா ஒரு வளைவு" என்பாள். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் இருந்த ஸ்பீக்கர் தீப்பெட்டி அளவுதான், கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது. அக்கா வந்து மூடியைக் கழற்றி, அந்தக் குட்டி ஸ்பீக்கரைத் துண்டித்துவிட்டு, அது இருந்த இடத்தில் தன் நீளமான ஒயர் ஒன்றைப் பற்றவைத்துக் கோயில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கொண்டுபோனார். "இனிமே இது உனக்கு மட்டும் பாடாது. பாடினா ஊருக்கே பாடும். இல்லன்னா யாருக்கும் பாடாது" என்றார்.

குடில் திறக்கிற ஞாயிறு மத்தியானம் சோதித்துப் பார்த்தோம். கூடமே அதிர்ந்தது. நான் சட்டை மாற்றிக்கொள்ள வீட்டுக்கு ஓடினேன்.

மாலையில் கூடம் நிறைந்திருந்தது. குழந்தைகள் தரையில், பெரியவர்கள் பெஞ்சில். ஒலிபெருக்கிப் பெட்டியைக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் வைத்து, தரை தொடும்படி வெள்ளைத் துணி போட்டு ஜிகினா ஒட்டியிருந்தோம். ஃபாதர் கத்தரிக்கோலோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் விசையைத் தட்டினேன். திரையில் பச்சை எண்கள் ஓடின. ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி தட்டினேன். எண்கள் மட்டும் ஓடின.

அணைத்துவிட்டுப் போட்டேன். ஃப்ளாப்பி வட்டை மாற்றினேன். வரி வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. இதற்குள் கூடமே வைத்தியராகிவிட்டது. ஒருவர் மேலே தட்டினார். ஒருவர் பின்னால் தட்டினார். காவல் வேலை பார்த்த சீனப் பெரியவர் அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பானாஸ், பானாஸ்" என்று விசிறிவிட்டார். சூடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபாதர் தீர்த்தச் செம்பை எடுத்ததும்தான் வாய் வந்தது.

"ஃபாதர், தண்ணி மட்டும் வேணாம் ஃபாதர்!"

கூடம் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. கடைசி பெஞ்சில் அருளப்பன் அங்கிள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆர்மோனியப் பெட்டி, மூடிய பெட்டி மேல் இரண்டு கைகள். இந்தச் சாயங்காலம் போனால் ரீத்தாவும் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது.

வாசல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் உள்ளே வந்தார்.

"மத்தியானம் பாடுச்சா?"

"பாடுச்சுக்கா."

"அப்ப மிஷினுக்கு ஒண்ணுமில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "இங்க யாருக்கு இப்ப அமைதி வேணும்?"

பார்வை பெஞ்சு பெஞ்சாகப் போனது. கடைசி பெஞ்சில் நின்றது. எனக்கும் அதே நினைப்புதான். அக்காவின் காதருகே போய்ச் சொன்னேன்.

"அக்கா, அவருதான். நேத்து ஒத்திகைக்கு வந்து பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. நான் போய்க் கேக்கறேன்."

"நீ சும்மா நில்லு. ஆளக் கண்டுபிடிக்கிறது என் வேலை. சொல்லாம இருக்கிறதும் என் வேலை."

மண்டியிட்டு மேசைத்துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார். வழக்கமாக உடனே வந்துவிடுகிற சத்தம் வரவில்லை. அக்காவும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் தலையை வெளியே எடுத்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குடிலுக்குப் பக்கத்தில் பாடகர் பெண்களோடு நின்ற ரீத்தாவைக் கூப்பிட்டார்.

"ரீத்தா, டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு இங்க வாம்மா."

ரீத்தா முகம் வெளுத்துப்போய் வந்தாள். இருவரும் துணிக்கு அடியில் போனார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வெளியே வந்த அக்கா முழங்காலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒயர் லூஸ்!" என்றார் கூடத்துக்கெல்லாம் கேட்க. "கொஞ்சம் நேரமாகும். அருளப்பன் அங்கிள், அது வரைக்கும் நீங்க வாசிங்க."

"அதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்றார் அங்கிள். ஆனால் பெட்டியின் மூடி அதற்குள் திறந்திருந்தது.

"அதுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு அங்கிள். வாங்க."

அவர் முன்னால் வந்து உட்கார்ந்து துருத்தியை அழுத்தினார். ஃபாதர் ரிப்பனை வெட்டினார். கூடம் முழுக்கப் பாடியது. நான் மட்டும் பாடவில்லை. செத்த மிஷினுக்குப் பக்கத்தில் நின்று, அக்கா எனக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது அங்கிள் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அப்படிச் சிரித்து அவரை நான் பார்த்ததில்லை.

அக்கா துணிக்கு அடியில் கையை விட்டார். ஒலிபெருக்கியில் ஒரு சின்ன 'டப்' சத்தம்.

"இப்ப உன் பிள்ளையப் பாட விடு தம்பி."

தட்டினேன். பாடியது! கூடமே அதிரப் பாடியது. தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு குரல்தான், ஆனாலும் பாட்டு பாட்டுதான். குழந்தைகள் எழுந்து குதித்தார்கள். சீனப் பெரியவர் விசிறியை நிறுத்திவிட்டு எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். அங்கிள் கண்ணை மூடிக் கேட்டார். முதல் அடி முடிகிற இடத்தில் கண்ணைத் திறந்தார்.

"இருப்பா. இந்த எடத்துல ஒரு வளைவு வந்துச்சே. அது நான் போடுறதில்ல?"

நான் விழித்தேன். அந்த வளைவு அவருடையது என்று எனக்குத் தெரியாது. ரீத்தா சொன்னதை எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். அங்கிள் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, வைக்கோலைச் சரிசெய்வது போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தன் மகளைப் பார்த்தார்.

"என் பாட்ட அப்படியே தூக்கிக் குடுத்திருக்கா" என்றார். கோபப்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த அடிக்கு ஆர்மோனியத்தை அழுத்திவிட்டார். மிஷின் நிற்காமல் ஓட, அவர் துரத்த, அவர் பிடிக்க, அது மறுபடி ஓட, கூடம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பாடியது. முடிந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"சுருதி சுத்தமா இருக்கு. ஆனா அடிக்கு அடி நடுவுல மூச்சே விட மாட்டேங்குதே இது? மனுஷன் கூடப் பாட வேணாமா? அடுத்த சனிக்கிழமை இதத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வா. சாப்பிட்டுட்டு உக்காந்து சரி பண்ணுவோம்."

வீட்டுக்கு வா என்று அவர் சொன்னது எனக்கு மட்டும் கேட்டதா, எல்லாருக்கும் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். அக்கா ஏற்கெனவே தன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஈஸ்டர் கழிந்ததும் எங்களுக்குக் கல்யாணம். விருந்து அதே கூடத்தில். தூணோரம் மைக் அக்கா, பட்டுப்புடவையில், மடியில் அதே கைப்பை. கேக் வெட்டியாயிற்று. அப்போது யாரோ ஒரு சொந்தக்காரர், மாப்பிள்ளை பாட வேண்டும் என்று கிளப்பிவிட்டார். மாமனாரும் உற்சாகத்தில் இருந்தார். "பாட்டு வீட்டுக்குள்ள வந்தாச்சு, பாடித்தானே ஆகணும்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். எழுந்து நின்று, கண்ணை மூடி, முதல் வரியைப் பிடித்தேன்.

மைக் செத்துவிட்டது.

"மைக்! மைக்!" என்று கூடம் கத்தியது. அக்கா எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து, நேராக எங்கள் மேசைக்கு முன்னால் மண்டியிட்டு, துணியைத் தூக்கினார். இந்தத் தடவை நானும் குனிந்துவிட்டேன்.

ரீத்தாவின் பட்டுப்புடவைக் கரைக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து பிடுங்கிய மைக் ஒயர் கிடந்தது. ஒரு வளையம் முன்பக்கம், ஒரு வளையம் பின்பக்கம், அழகாகச் சுருட்டி, மேலே பூச்சர முடிச்சு. அவளால் ஒரு ஒயரைப் பிடுங்க முடியும், பிடுங்கிய ஒயரை அப்படியே போட்டுவிட முடியாது. பழக்கம் விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி கேக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"உங்க நல்லதுக்குத்தான்" என்றாள் உதடு அசையாமல். சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர். "எங்க அப்பா காது கேக்குற தூரத்துல நீங்க பாடவே கூடாது."

எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. "அப்ப அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல..."

"அதுவும் நான்தான். ஒத்திகை பாத்துட்டு வந்து அப்பா ராத்திரி சாப்பிடல. ஆர்மோனியப் பெட்டியத் தொடச்சுத் தொடச்சு வெச்சுக்கிட்டே இருந்தாரு. உங்க பாட்டும் வேணும், அப்பாவும் வேணும். எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. துணிக்கு அடியில அக்கா என்னத் திட்டல. இப்ப சொருகவா வேணாமா, நீ சொல்லுன்னு கேட்டாங்க. அப்பா முதல்ல வாசிக்கட்டும், அப்புறம் சொருகுங்கன்னு சொன்னேன்."

அன்று எல்லார் முன்னாலும் அங்கிளைக் கைகாட்டியிருந்தால் இந்த மேசையும் இல்லை, கேக்கும் இல்லை. எனக்காகவும் அவருக்காகவும் ரீத்தா, எங்கள் எல்லாருக்காகவும் இந்தக் குள்ளமான மனுஷி. மண்டியிட்ட நிலையிலேயே பிடித்து அவர் கையை முத்தமிடலாம் போல இருந்தது.

"அக்கா, அன்னைக்கும் இதே முடிச்சுதானே?"

அக்கா துணியைக் கீழே விட்டார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"எந்த முடிச்சு தம்பி? நம்ம கோயில்ல எல்லா ஒயரும் லூஸுதான் லா."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடத்தைப் பார்த்துத் திரும்பி, மைக் தேவையில்லாத அந்தக் குரலில் அறிவித்தார்.

"ஒயர் லூஸ்! இன்னைக்கி சரியாகாது! மாப்பிள்ள உக்காரலாம்!"

எங்கள் கல்யாணத்தில் விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.